நின்றவனுக்குத் தண்டனை!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தின் முன் முப்பது ஆண்டுகள் நின்று வருபவர் ஒருவர் நமக்கு நண்பர். வயதில் மூத்தவர். அண்ணன் என்றே அழைப்போம். அவரிடம் ஒரு புல்லட் இருக்கிறது. திருவொற்றியூர் ஆலையில் 1955 முதல் செய்து வந்தார்களே, அந்த வரிசையில் வந்த பழைய வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்றைய இளைஞனை ஏற்றி உட்கார வைத்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பான்! பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்து வருகிறார்.

அந்த வண்டிக்குச் சென்ற மாதம் போர்வை போட்டுவிட்டார். "ஏன் அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றோம். "உடம்புக்கு ஒன்றுமில்லை தம்பி, மனசுதான் சரியில்லை" என்றார்.

நடந்தது இதுதான், தோழர்களே! இரண்டாவது ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புகிறார். தலையில் ஹெல்மெட் உண்டு. பையில் உரிமம் உண்டு. காப்பீடு உண்டு, புகைச் சான்று உண்டு. மேம்பாலம் இறங்கும் இடத்தில், தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. வண்டி நின்றது. நின்ற மறுகணமே சாவி பிடுங்கப்பட்டது. தாள்களைப் புரட்டினார்கள், குறை கிடைக்கவில்லை. கிடைக்காததே குறையாகப் போயிற்று போலும்! "சத்தம் அதிகமாக இருக்கிறதே" என்றார் ஒருவர். ஆலையில் பொருத்திய சைலன்சர், ஐயா, அது! மகன் வயதுடைய காவலர் "டேய்" என்றார். அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

அந்த அரை மணிக்குள் மூன்று வண்டிகள் அதே பாலத்தில் இறங்கின. அறுத்தெறிந்த சைலன்சர், காற்றில் தூக்கிய முன்சக்கரம், தெருவே அதிரும் ஓசை. ஒருவன் தலையிலும் கவசமில்லை. கை நீண்டது, அவர்கள் நிற்கவில்லை, பறந்துவிட்டார்கள்! "அவர்களைப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டாராம் அண்ணன். வந்த பதில்: "ஓடுகிறவனை எவன் துரத்துவது? நின்றது நீதானே!"

நின்றது நீதானே! இந்த இரண்டு சொற்களைத்தான் அண்ணனால் மறக்க முடியவில்லை. நம்மாலும் முடியவில்லை. சட்டத்தை மதித்து நின்றவனுக்கு விசாரணை. மிதித்துப் பறந்தவனுக்கு வழியனுப்பு விழா!

உடனே சிலர் கேட்பார்கள்: "அப்படியானால் சோதனையே கூடாது என்கிறீர்களா?" இல்லை, அன்பர்களே, இல்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்லிற்று. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் இல்லாமல் மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர். காரில் போகிறவனுக்கு இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு இருப்பது அந்த ஒரு கவசம்தான்.

நம்மவர்கள் செய்த தவற்றையும் சொல்லத்தான் வேண்டும். 2007 ஜூனில் கவசம் கட்டாயம் என்றபோதும், 2015 ஜூலையில் உயர்நீதிமன்ற ஆணையால் மீண்டும் கட்டாயம் என்றபோதும் நாம் என்ன செய்தோம்? பெட்ரோல் டாங்கிக்குக் கிரீடம் சூட்டினோம்! காவலர் தலை தெரிந்தால் நம் தலைக்கு ஏற்றினோம், அவர் மறைந்ததும் மறுபடி டாங்கிக்கே இறக்கினோம். உயிருக்காக அணிய வேண்டியதை அபராதத்துக்காக அணிந்தோம். அண்ணனும் அந்நாளில் அப்படித்தான். உடன் வேலை செய்தவர் ஒருவரைத் தூக்கிச் சென்ற பிறகுதான் மாறினார்.

ஆகவே சட்டம் வேண்டும். ஆனால் யாருக்கு வேண்டும்? நமக்கு மட்டுமா?

2022 அக்டோபரில் தமிழகத்தில் அபராதங்களை உயர்த்தினார்கள். ஹெல்மெட் இல்லாவிட்டால் நூறு ரூபாயாக இருந்தது ஆயிரம் ஆயிற்று. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000. ஆயிரம் என்பது பணம் படைத்தவனுக்கு ஒருவேளைச் சிற்றுண்டி. கூலிக்காரனுக்கு அடுப்பு எரிகிற விஷயம். அதையும் பொறுத்துக்கொள்வோம். அந்த உயர்வுக்கு அடிப்படையான 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் வேறு பிரிவுகளும் இருக்கின்றனவே, அவற்றைப் படித்துக் காட்டியவர் யார்?

பிரிவு 198அ என்ன சொல்கிறது? சாலையை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் தரம் தவறி, அதனால் ஒருவன் இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான ஒப்பந்தக்காரருக்கும் அதிகாரத்துக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. பிரிவு 210ஆ என்ன சொல்கிறது? சட்டத்தை அமல் செய்கிறவரே சட்டத்தை மீறினால் இரு மடங்கு தண்டனை என்கிறது. மழைக்காலத்தில் பள்ளம் எது, பாதை எது என்று தெரியாத சாலையில் விழுந்து எழுந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! எந்த ஒப்பந்தக்காரரின் சாவியை எந்தத் தூணுக்குப் பின்னால் நின்று எவர் பிடுங்கினார்?

கேமரா வந்திருக்கிறது, வரட்டும். கேமரா "டேய்" என்று சொல்லாது; சாதி, சட்டை, வண்டியின் வயது எதையும் பார்க்காது. ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதி, கண்காணிக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லிற்று; 15 நாளுக்குள் குற்ற அறிவிப்பை அனுப்பச் சொல்லிற்று. பிடிப்பது நோக்கமல்ல, தடுப்பதே நோக்கம் என்பதுதானே அதன் பொருள்? தூணுக்குப் பின்னால் ஒளிகிறவர் தடுக்க நிற்கிறாரா, பிடிக்க நிற்கிறாரா?

ஓடுகிறவனைத் துரத்தச் சொல்லவும் நமக்கு நெஞ்சில்லை. 2018 மார்ச் 7 மறந்துவிட்டதா? திருச்சியை அடுத்த துவாக்குடிப் பக்கம், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன கணவன் மனைவியைத் துரத்திச் சென்றார் ஒரு போக்குவரத்து ஆய்வாளர். ஓடும் வண்டியை உதைத்தார். விழுந்த பெண் எழவில்லை. ஊரே திரண்டு சாலையை மறித்தது, ஆய்வாளர் கைதானார். ஒரு கவசத்துக்காக ஓர் உயிர்! எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தால் போதாதா?

இனி அந்தப் பறக்கும் தம்பிகளைப் பற்றி. அண்ணனுக்கு அவர்கள்மேல் அடங்காத கோபம். "எங்கள் நாளில் நடுவழியில் ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவன் நிற்பான். டூல் பெட்டியில் ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள், இரண்டு செயின் லிங்க் எப்போதும் இருக்கும், யாருக்காவது உதவும் என்று. இன்று ஒருவன் விழுந்தால் படம் எடுக்கிறார்கள்!" என்கிறார். உண்மைதான். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி விழுந்த யூடியூப் புகழ் இளைஞருக்குப் பத்தாண்டு உரிமம் பறிபோயிற்று. அவரைப் பார்த்துச் சக்கரம் தூக்கக் கற்ற சிறுவர்கள் எத்தனை பேரோ!

ஆனால் அண்ணனோடு முழுக்க உடன்பட நமக்கு மனமில்லை. ஆர்.எக்ஸ். 100 வந்த நாளில் கடற்கரைச் சாலையில் பந்தயம் விட்டவர்கள் யார்? இன்று "எங்கள் காலத்தில்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள்தானே! அன்று பார்த்தவர்கள் நடைபாதையில் பத்துப் பேர். இன்று கைப்பேசியில் பல லட்சம் பேர். வேறுபாடு அதில்தான். இன்னொன்று: வேகமாக வரும் இளைஞரெல்லாம் சாகசக்காரரல்லர். முதுகில் சோற்று மூட்டையைச் சுமந்து, நிமிடக் கணக்குக்கு அஞ்சி ஓடுகிறானே, அந்தத் தம்பியும் தொழிலாளிதான். அவனும் கையை நீட்டினால் நிற்கிறான். அவன் சாவியும்தான் பிடுங்கப்படுகிறது. அண்ணனுக்கும் அவனுக்கும் வழக்கு ஒன்றே.

இதை அண்ணனிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். "அவன் வண்டியில் செயின் லிங்க் இருக்காது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

புல்லட் இன்னும் போர்வைக்குள்தான் இருக்கிறது. அண்ணன் நள்ளிரவில் ஆலை வாசலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறார்.