நாவும் செவியும்

மைசூரில் 1965-ம் வருஷம் மத்திய சர்க்கார் நிறுவிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புல ஸ்தாபனத்தைப் பற்றி நம் நேயர்களில் எத்தனை பேர் அறிவார்களோ, அறியோம். வைத்தியம், இன்ஜினீயரிங் இரண்டையன்றி வேறு வித்தையே இல்லையென்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். (வக்கீல் தொழிலை நாடிய நாமும் அக்குற்றத்திற்குப் புறம்பானவரல்லர்.)

இக்கலையில் முதற்பட்டம் பெற நான்கு வருஷமாகும்; அதில் கடைசி வருஷம் முழுவதும் நேர்முகப் பயிற்சி. காதின் அமைப்பு, ஒலியின் இயல்பு, மூளையில் பாஷை குடியிருக்கும் விதம் யாவும் மாணவர் கற்கின்றனர். கற்பது ஆங்கிலத்தில்! நமது வழக்கு இதுவே. பக்கவாதத்தால் சொல்லிழந்த முதியவர் தம் மனைவியை மீண்டும் எந்தப் பாஷையில் அழைக்க வேண்டும்? செவிப்புலனின்றிப் பிறந்து, உட்செவிக் கருவி பொருத்தப்பெற்ற தமிழ்க் குழந்தை கேட்டுப் பழக வேண்டியது தாயின் மொழியையன்றோ? லகர, ளகர, ழகர பேதம் ஆங்கிலக் குழந்தைக்கென வகுத்த பயிற்சிப் பாடத்தில் இராது. எழுத்துக்கள் பிறக்கும் இடங்களைத் தனி இயலாகவே வகுத்த தொல்காப்பியம் நம் கையிலிருக்கிறது. பிறப்பியலை இம்மாணவர்க்குப் பாடமாக்கத் தடை யாது? தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகள் இவ்வருஷமே இப்பட்டத்திற்குத் தமிழ்ப் பாடநூல்கள் எழுத ஒரு குழு நியமிக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம்.