பழி ஓரிடம், பிழை ஓரிடம்

கம்ப்யூட்டர் புரோகிராம் விழுந்தால் எங்கே விழுந்தது என்று அதுவே சொல்லும். சொல்வது நிஜமா என்பதை முன்கூட்டியே சோதித்தாக வேண்டும்.

செம்பூரிலிருந்து ஐரோலிக்கு வேலைக்குப் போகிறவர் ஹார்பர் லைன் ரயிலில் ஏறி, மான்கூர்டு தாண்டி, தானே கழிமுகப் பாலத்தைக் கடந்து, சான்பாடாவில் இறங்கலாம். அங்கே தானே போகும் டிரான்ஸ் ஹார்பர் ரயிலைப் பிடிக்க வேண்டும். 1992இல் வாஷி வரை வந்த பாதையும், 2004இல் தானேயிலிருந்து பயணிகளுக்குத் திறந்த பாதையும் கைகோக்கும் இடங்களில் ஒன்று சான்பாடா. காலையில் இங்கே மாறி ஏறும் கூட்டத்தில் தமிழ்க் குரல்களுக்குப் பஞ்சமில்லை. ஐரோலியிலும் மகாபேயிலும் உள்ள சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் அதில் உண்டு.

அவர்களில் ஒருவர் வழியில் பர்ஸைத் தொலைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வந்த வழியே மனத்தால் திரும்பிப் போவார். ஐரோலி, அதற்கு முன் சான்பாடா, அதற்கு முன் செம்பூர். ஒரே ரயிலில் உட்கார்ந்து வந்த தூரம் நன்றாக நினைவிருக்கும். நெரிசலில் மாறி ஏறிய இடத்தில்தான் குழம்பும்.

கம்ப்யூட்டர் புரோகிராமின் கதையும் இதுதான். சி++, ரஸ்ட், ஏடா போன்ற மொழிகளில் எழுதுவதைக் கம்பைலர் முன்கூட்டியே இயந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடுகிறது. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரி ஓர் எண்ணாக ஸ்டாக் என்ற நினைவக அடுக்கில் வைக்கப்படும். புரோகிராம் நடுவழியில் விழுந்தால் இந்த எண்களை மேலிருந்து கீழாகப் படித்து, யார் யாரை அழைத்தார்கள் என்று பட்டியல் போடலாம். இதற்குப் பெயர் பேக்ட்ரேஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி என்ற பிழை தேடும் கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. விழுந்த புரோகிராமை அதில் திறப்பவர்கள் பொதுவாக முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான்.

புரோகிராம் முழுவதும் ஒரே ஃபைலாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் இன்று அப்படி யாரும் வீடு கட்டுவதில்லை. படம் காட்ட ஒரு லைப்ரரி, பணம் கட்ட ஒரு லைப்ரரி, ரகசியக் குறியீட்டுக்கு ஒரு லைப்ரரி. பல கம்பெனிகள், பல கைகள். புரோகிராம் ஓடும்போதுதான் இவை வந்து ஒட்டிக்கொள்கின்றன. இவைதான் டைனமிக் லைப்ரரிகள். விண்டோஸில் டிஎல்எல் என்பார்கள். பாதுகாப்பை முன்னிட்டு, இவை நினைவகத்தில் உட்காரும் இடத்தை இன்றைய சிஸ்டங்கள் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. நேற்று ஒரு லைப்ரரி இருந்த முகவரியில் இன்று வேறொன்று இருக்கும்.

எனவே ஸ்டாக்கில் கிடைக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த முகவரி எந்த லைப்ரரியின் எல்லைக்குள் வருகிறது, அந்த லைப்ரரி இம்முறை எங்கே தொடங்குகிறது, தொடக்கத்திலிருந்து இது எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தில் இருக்கும் ஃபங்ஷனின் பெயர் என்ன என்று நான்கு படி ஏற வேண்டும். ஒரு படி சறுக்கினாலும் தடம் மாறிவிடும்.

சறுக்கினால் என்ன ஆகும்? சில சமயம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வரும். அது பரவாயில்லை. தெரியாது என்று சொல்கிற சாட்சியால் யாருக்கும் கேடில்லை. ஆபத்து வேறு விதத்தில் வருகிறது. ஃபைலின் அளவைக் குறைக்க லைப்ரரியிலிருந்து பெயர்களை நீக்கிவிடுவது வழக்கம். வெளியே தெரிந்தாக வேண்டிய சில பெயர்கள் மட்டும் மிஞ்சும். அப்போது கருவி, விழுந்த இடத்துக்கு முன்னால் கிடைக்கும் பெயரை எடுத்துச் சொல்லிவிடும். ஒன்றும் அறியாத ஃபங்ஷன் குற்றவாளிக் கூண்டில் ஏறும். அதை எழுதியவர் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கெட்டு, இல்லாத பிழையைத் தேடுவார். நிஜமான பிழை, வாடிக்கையாளர்களின் பணத்தோடு நிம்மதியாக விளையாடிக்கொண்டிருக்கும்.

இதனால்தான் பேக்ட்ரேஸையே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முறை எளிது. வேண்டுமென்றே விழுகிற ஒரு புரோகிராமை எழுதுவது. அது முதல் லைப்ரரியை அழைக்கும், அது இரண்டாவதை அழைக்கும், அது திரும்ப மூல புரோகிராமுக்குள்ளேயே ஓர் அழைப்பு விடுக்கும். அங்கே விழ வேண்டும். வரவேண்டிய பெயர்களும் வரிசையும் முன்பே தெரியும் என்பதால், வந்ததோடு ஒப்பிட்டால் போதும். பிறகு, கம்பைலரை வேகத்துக்காகக் கோடைச் சுருக்கச் சொல்லி ஒருமுறை. பாதி ஓட்டத்தில் லைப்ரரியை ஏற்றி ஒருமுறை. பெயர்களை நீக்கிவிட்டு ஒருமுறை. லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று ஒவ்வொன்றிலும் திரும்பவும். தீயே பிடிக்காதபோது தீயணைப்பு ஒத்திகை நடத்துவது போன்ற வேலை. பார்ப்பவருக்கு வெட்டி வேலையாகத்தான் தெரியும்.

வெட்டி வேலை இல்லை என்பதற்குச் சாட்சி பிரெஞ்சு கயானாவில் இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று கூரூ தளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. 40 விநாடிகூடத் தாங்கவில்லை. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உடைந்து வெடித்தது. நான்கு கிளஸ்டர் விண்கலங்களும் போயின. ராக்கெட்டின் நிலையைக் கணிக்கும் கருவியில், ஏடா மொழியில் எழுதிய சாஃப்ட்வேர், 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்துத் தோற்றது. அந்தப் பகுதி ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்து வந்த சரக்கு. கிளம்பிய பிறகு அது ஏரியன் 5க்குத் தேவையே இல்லை. மாற்றுக் கருவியும் அதே காரணத்தால் 72 மில்லிசெகண்டுக்கு முன்பே செயலிழந்திருந்தது.

விபரீதம் அடுத்த கட்டத்தில்தான் நடந்தது. விழுந்த கருவி தன் பிழை அறிக்கையை அனுப்பியது. ராக்கெட்டின் கம்ப்யூட்டர் அதைப் பறக்கும் திசை பற்றிய தகவலாக எடுத்துக்கொண்டது. இல்லாத விலகலைச் சரிசெய்ய எஞ்சின்களின் முனையைத் திருப்பியது. ராக்கெட் முறிந்தது.

அதே கருவி இன்னொரு வாக்குமூலமும் வைத்திருந்தது. எந்தச் சூழலில் விழுந்தது என்ற குறிப்பைத் தன் அழியாத நினைவகத்தில் எழுதியிருந்தது. சிதறல்கள் விழுந்த இடம் பெரும்பாலும் புல்வெளியும் அலையாத்திச் சதுப்பும். சான்பாடா போகும் ரயில் தாண்டுகிற கழிமுகக் கரையில் இருப்பது போன்ற காடு. அந்தச் சேற்றிலிருந்து இரண்டு கருவிகளையும் மீட்டு, குறிப்பைப் படித்தார்கள். ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு ஜூலை மாதமே பிழை இருந்த இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டது.

ஓர் அறிக்கை ராக்கெட்டைக் கவிழ்த்தது. இன்னோர் அறிக்கை உண்மையைக் காப்பாற்றியது. தான் விழுந்த கதையை ஒரு புரோகிராம் ஒழுங்காகச் சொல்கிறதா என்பதை, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். விழுந்த பிறகு கேட்டால், அது காட்டும் முதல் பெயரைத்தான் எல்லோரும் நம்புவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார்.