இரண்டாயிரம் பியரும் ஒரு நாக்கும்

பிரஸ்ஸல்ஸ் போய்வந்தவர் யாராவது “எத்தனை பியர் டேஸ்ட் பண்ணேன் தெரியுமா?” என்று ஆரம்பித்தால் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். எண்ணிக்கையில் தொடங்கும் ரசனைப் பேச்சு எதுவும் உருப்பட்டதில்லை. வாசிப்பிலும் இதே வியாதிதானே? ஜனவரியில் நூறு புத்தகம் என்று சபதம், டிசம்பரில் அட்டைப்படங்களை அடுக்கி ஒரு போட்டோ. பியரில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஐந்தாவது கிளாஸுக்குப் பிறகு நாக்கு வேலை செய்யாது, வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

நாங்கள் மூன்று பேர். நண்பன் ஒருவன் செல்போனில் பன்னிரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல் வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட ஒரு செயலி வேறு. முதலில் கிராண்ட் பிளாஸுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் டெலிரியம் கஃபே. 2004ஆம் ஆண்டில் 2,004 வகை பியர் வைத்திருந்ததற்காக கின்னஸ் புத்தகத்தில் ஏறிய இடம். ஆண்டும் எண்ணும் அப்படிப் பொருந்துவதைப் பார்த்தாலே தெரியவில்லையா, அது விளம்பரத்துக்காக எண்ணிய எண் என்று? இரண்டாயிரம் பியரை ஒருவன் குடிக்க முடியாது, மெனுவில் படிக்கத்தான் முடியும்.

இந்த எண் மோகம் வெறும் சுற்றுலா அசட்டுத்தனம் என்றால் விட்டுவிடலாம். அது பியரையே கெடுக்கிறது என்பதுதான் என் புகார். மெனுவுக்குப் பெயர்கள் தேவைப்பட்டால் பெயர்களை உற்பத்தி செய்வார்கள். ஒரே பியரை வேறு லேபிள் ஒட்டி வேறு பெயரில் விற்பதற்கு அங்கே ‘எட்டிகெட்பியர்’ என்று ஒரு சொல்லே இருக்கிறது, லேபிள் பியர். செயலியில் அதற்கும் தனி நட்சத்திரம் விழும்.

பிறகு துறவிகள். லேபிளில் குண்டுத் துறவியோ கோபுர ஜன்னலோ இருந்துவிட்டால் நம் ஆட்களுக்குப் பக்தி பொத்துக்கொண்டு வரும். லெஃப் மடம் டினான் ஊரருகே நிஜமாகவே இருக்கிறது. ஆனால் லெஃப் பியர் தயாராவது லூவன் நகரில், உலகின் மிகப் பெரிய பியர் கம்பெனியான ஏபி இன்பெவ்வின் ஆலையில். மடத்துக்கு ராயல்டி போகிறது. மடத்து மதிலுக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சினால்தான் டிராப்பிஸ்ட் அறுகோண முத்திரை கிடைக்கும். ஆகெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதும் 2021இல் அந்த முத்திரையும் போயிற்று. பியர் அதே பியர்தான், இருந்தும் முத்திரையை எடுத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கறார் பிடித்திருக்கிறது.

இரண்டாவதாக நுழைந்த பாரில் (பெயர் எதற்கு) மரப்பலகையில் ஆறு சின்னக் கிளாஸ்கள் வந்தன. எது எது என்று கேட்டால், பரிமாறியவர் விரலால் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நண்பன் ஆறையும் ஏழு நிமிடத்தில் முடித்தான். அதில் ஒன்று 9.5 சதவீதம் ஆல்கஹால் உள்ள வெஸ்ட்மால் டிரிப்பல். 1919இல் வந்த வாண்டர்வெல்ட் சட்டம் பார்களில் சாராய வகைகளை விற்கக் கூடாது என்றது. பெல்ஜியத்தில் பியருக்கு வீரியம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். நிதானமாக ஒரு கிளாஸ் குடிப்பதற்கானதை இவன் தடுப்பூசிபோல ஏற்றிக்கொண்டிருந்தான்.

அதன்பின் ஃபோன்டைனாஸ் சதுக்கத்தில் மூடர் லாம்பிக். (பிளெமிஷில் ‘மூடர்’ என்றால் அம்மா. நாங்கள் போனபோது நம் மொழிப் பொருளும் பொருந்தியது.) அங்கேதான் சண்டை வந்தது.

லாம்பிக் என்பது பொறுமையின் சரக்கு. பார்லியும் கோதுமையும் வெந்த சாற்றை மாடியில் அகலமான செம்புத் தொட்டியில் ஊற்றி, ராத்திரி முழுக்கத் திறந்தே ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் இருப்பதே வந்து இறங்குகிறது, நம்ம ஊர்க் கள்ளும் பானையும் மாதிரி. பிறகு மரப்பீப்பாய். ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நுரைக்கவிட்டால் கூஸ். ஆண்டர்லெக்ட்டில் 1900இல் தொடங்கிய காண்டியோன் இன்றும் இதைச் செய்கிறது. குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்ச முடியும். 2015இல் நவம்பர் இரவுகள் சூடாக இருந்ததால் காய்ச்சலைத் தள்ளிப்போட்டார்கள். ஊரின் குளிர் குறைந்தால் இந்தப் பியரே இல்லை.

நண்பன் ஒரு மடக்கு குடித்தான். முகம் சுளித்தது. உடனே போனை எடுத்து, “செம ஃபங்கியா இருக்குடா” என்று நாலரை நட்சத்திரம் போட்டான்.

“உனக்குப் பிடிச்சுதா?”

“பிடிக்கிறதா முக்கியம்? இது லெஜண்டுடா.”

ஊரில் கள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘நாத்தம்’ என்று தள்ளியவன் இவன். அதே புளிப்பு, அதே காட்டு ஈஸ்ட், லேபிளில் பிரெஞ்சு இருந்தால் லெஜண்ட். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் கட்டிப்பிடித்திருப்பேன். புளிப்பு பிடிக்காதது குற்றமா என்ன? மூன்று வருடம் பீப்பாயில் கிடந்ததற்கு மூன்று நிமிடமும், நேர்மையாக ஒரு முகச்சுளிப்பும் கொடுக்கலாம். சுளித்த முகத்தை மறைத்துவிட்டு மற்றவர்களின் மதிப்பெண்ணை எழுதுகிறவன், படிக்காத ரஷ்ய நாவலுக்கு ‘மாஸ்டர்பீஸ்’ என்று போடுகிறவனின் சொந்தத் தம்பி.

2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது பெல்ஜியத்தின் ‘பியர் பண்பாட்டை’. பண்பாடு என்றால் காய்ச்சுகிறவன் மட்டுமல்ல, உட்கார்ந்து குடிக்கிறவனும்தான். பக்கத்து மேசையில் ஒரு வயதான ஜோடி 75 சென்டிலிட்டர் பாட்டில் ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தது. அவர்களிடம் பட்டியல் எதுவும் இல்லை.

ஓர்வால் மடம் கடைகளுக்கு அனுப்புவது ஒரே ஒரு பியர். அதையும் புதிதாகக் குடித்தால் கசப்பு, ஒரு வருடம் வைத்துக் குடித்தால் பாட்டிலுக்குள் இருக்கும் காட்டு ஈஸ்ட் வேலைசெய்து வேறொரு பியர். பாட்டில் லேபிளில் தேதி இருக்கும். கடைசியாக அதைத்தான் நான் கேட்டேன். நண்பன் பட்டியலைப் பார்த்துவிட்டு, “ஓர்வால் போன வருஷமே முடிச்சாச்சுடா, வேற சொல்லு” என்றான்.