முதல் பயிற்சியிலேயே முட்டுக்கட்டை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் கிளவுட் கம்ப்யூட்டிங் லேபுக்கு முதல் பயிற்சியாக இருந்ததே இதுதான்: விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போட்டு, அதற்குள் லினக்ஸ் போன்ற இன்னோர் இயங்குதளத்தை ஏற்றவேண்டும். அடுத்தது, அதற்குள் சி கம்பைலர் போட்டு புரோகிராம் ஓட்டுவது. வீட்டில் தனியாகச் செய்துபார்க்க உட்காரும் பிள்ளைகள்தான் பாடாய்ப் படுகிறார்கள்.

பாளையம்பட்டியில் எங்கள் தெருவிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போகிற பெண், அரசு தந்த மடிக்கணினியோடு வந்தாள். “மாமா, ஸ்டார்ட் குடுத்தா எரர் வருது. லேப்டாப்பு போச்சா?” விடி-எக்ஸ் பயாஸில் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அருப்புக்கோட்டைக் கடைக்குக் கொண்டுபோக அப்பாவிடம் காசுகூடக் கேட்டுவிட்டாளாம்.

கணினியில் ஒரு பழுதும் இல்லை. ஒரே ப்ராசஸரில் இரண்டு இயங்குதளம் ஓடுவதற்கான வசதியை இன்டெல் (விடி-எக்ஸ் என்பது அதன் பெயர்தான்) 2005இலும் ஏஎம்டி 2006இலும் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டன. பல கணினிகளில் அது அணைந்த நிலையில்தான் கைக்கு வருகிறது. 2019 கடைசியில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல், அந்த வசதி இல்லாமல் எதுவும் ஓடாது. கணினியை அணைத்துப் போடும்போதே எஃப்2வைத் தட்டி (சிலவற்றில் எஃப்10 அல்லது டெலிட்) பயாஸுக்குள் போய், விர்ச்சுவலைசேஷன் என்ற வரியை எனேபிள் செய்து சேமித்தால் தீர்ந்தது. இதை லேப் மேனுவலில் போடுங்கள் என்று ஆசிரியர்களை மன்றாடிக் கேட்கிறேன். இது தெரியாமல், தனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று ஒரு பிள்ளை ஒதுங்கிவிடக் கூடாது.

அப்புறம் லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு. உபுண்டு டெஸ்க்டாப் பல ஜிபி. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் அன்றன்றைய டேட்டாவுக்குத் தக்கபடி விட்டுவிட்டு இறக்கினால், கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். நிறுவும்போது பாதியில் முறுக்கிக்கொள்ளும். விண்டோஸின் சர்ட்யூட்டில் கட்டளையால் அதன் எஸ்எச்ஏ256 எண்ணை எடுத்து, உபுண்டு வெளியிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிட வேண்டும். இவளுடைய கோப்பு ஒத்துப்போகவில்லை.

திரும்ப அதையே இறக்க நான் விடவில்லை. அவள் கணினியில் இருப்பது 4 ஜிபி ராம். பாதிக்கு மேல் உள்ளே கொடுத்தால் விண்டோஸே திணறும். சி புரோகிராம் ஓட்ட அழகழகான திரை எதற்கு? இன்னொரு லினக்ஸான டெபியனின் சின்ன நெட்இன்ஸ்ட் கோப்பை இறக்கி, டெஸ்க்டாப்பைத் தேர்வுசெய்யாமல் வெறும் கறுப்புத் திரையோடு ஏற்றினோம். 1 ஜிபியே தாராளம்.

நிறுவி முடித்தபின் மறுபடி முதலிலிருந்தே நிறுவச் சொன்னால் பதற வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குள் போய் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிட்டால் ஹார்ட் டிஸ்கிலிருந்து எழும்பும்.

சி கம்பைலரான ஜிசிசி ஏறி முதல் புரோகிராம் ஓடியதுமே திருச்சுழித் தோழிக்கு ஃபோன் போட்டாள். “உன்னோடது ஏஎம்டிதானடி? அதுல விடி-எக்ஸ்னு இருக்காது, எஸ்விஎம்னு இருக்கும். அதை எனேபிள் பண்ணு.”