பெயர் மாறினால் திடல் மாறுமா?

செல்வர் சிலர் கோலெடுத்துப் பந்து தட்ட, 18 குழிகள் கொண்ட ஆடுகளம் ஒன்றிற்கு ஏறத்தாழ 120 முதல் 150 ஏக்கர் நிலம் வேண்டும். சீனத்தின் சென்சென் பகுதியில் 1990களில் எழுந்த 'மிசன் இல்சு' என்னும் குழிப்பந்தாட்ட உறைவிடமோ, 12 ஆடுகளங்கள், 216 குழிகள் என விரிந்தது! விளைநிலத்திற்கும் நீருக்கும் முட்டுப்பாடுடைய நாட்டில் இஃது எவர்க்கான ஆட்டம்?

1949க்குப் பின் பொதுவுடைமையாட்சி இவ்வாட்டத்தைச் செல்வர் பொழுதுபோக்கென ஒதுக்கியது. 1984இல் சோங்சானில் அதே ஆட்சியே மீண்டும் கதவைத் திறந்துவிட்டது. அளவு மீறவே, 2004இல் புதுத் திடல்களுக்கு நடுவணரசு தடை விதித்தது. அப்பொழுது இருந்தவை 200க்கும் குறைவு. பத்தாண்டில் 600ஐக் கடந்தன!

தடையுள்ள மண்ணில் திடல்கள் எவ்வாறு முளைத்தன? பெயரை மாற்றினர், அவ்வளவே. ஏட்டில் 'பூங்கா', 'ஓய்வுவெளி'. புல்லிலோ குழியும் கொடியும்! சொல்லைத் திரிப்பவர் பொருளைக் களவாடவே திரிக்கின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. உள்ளாட்சிகளும் கண்களை மூடிக்கொண்டன. திடலோரத்து மாளிகை மனைகள் பொன்விலைக்குப் போகுமன்றோ?

2017 சனவரியில், இருந்த 683 திடல்களுள் 111ஐ மூடியதாக நடுவணரசு அறிவித்தது. விளைநிலத்தையும் காப்புநிலத்தையும் வளைத்தமையும், நீரை முறைகேடாக எடுத்தமையும் அவற்றின்மேற் சாற்றப்பெற்ற குற்றங்கள். மூடுவதற்கு ஓர் ஆணை போதும். மணல் கொட்டி, அயற்புல் பதித்து, நச்சுமருந்து தெளித்த மண்ணை மீண்டும் வயலாக்க எத்துணை ஆண்டுகள் ஆகும் என்பதை ஆணையிட்டவர் சொல்லார். உழவரைத்தான் கேட்க வேண்டும்.