துளியில் வெளிச்சம் எந்தப் பக்கம்?

நம் சங்கத்தின் ஆண்டு விழா ஓவியப் போட்டியில் கம்ப்யூட்டரில் வரைந்த படங்களையும் ஏற்கலாமா என்ற பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. “கம்ப்யூட்டர்தானே வரைகிறது, பிள்ளைக்கு அதில் என்ன வேலை?” என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. இலைமேல் நிற்கும் ஒரு சொட்டுத் தண்ணீரையே இதற்குச் சாட்சியாக அழைக்கிறேன்.

தண்ணீர் வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் நீல வண்ணத்தைத்தான் தேடுவார்கள். துளிக்கென்று சொந்த நிறம் ஏது? பச்சை இலைமேல் இருந்தால் அதே பச்சைதான், ஓரிடம் சற்றுக் கருத்து, ஓரிடம் சற்று வெளுத்து. எங்கே கருக்கும், எங்கே வெளுக்கும் என்பதில்தான் சூட்சுமம். பந்தை வரைந்தால் விளக்கு இருக்கும் பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. துளியிலோ இது நேர்மாறு. ஜன்னல் இடது மேற்புறம் இருந்தால், துளியின் இடது மேற்புறமே இருண்டிருக்கும். உள்ளே புகுந்த ஒளி, லென்ஸில் வளைவது போல வளைந்து, வலது கீழ்ப்புறம் திரண்டு பளபளக்கும். இருண்ட பக்கத்தில் ஜன்னலின் பிரதிபலிப்பாக ஒரு சிறு வெள்ளைப் பொட்டு. துளிக்கு வெளியே வலது கீழே நிழல், அந்த நிழலுக்குள்ளும் ஒரு வெளிச்சக் கீற்று!

இதை எந்தச் சாஃப்ட்வேரும் பிள்ளைக்காகப் பார்த்துச் சொல்லாது. அது தருவது வசதி மட்டுமே. இலையை ஒரு லேயரிலும், நிழலை அதன்மேல் இன்னொன்றிலும், வெள்ளைப் பொட்டை எல்லாவற்றுக்கும் மேலும் வைக்கலாம். சரியாக வராவிட்டால் அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போடலாம். வாட்டர் கலரில் கருத்தது கருத்ததுதான். தாளும் வண்ணமும் வீணாகுமே என்ற பயமின்றி ஒரு பிள்ளை 20 முறை முயல்வது சிறிய விஷயமா? கிரிட்டா, ஜிம்ப் போன்ற சாஃப்ட்வேர்கள் இலவசம். பல ஆயிரம் கொடுத்து எலெக்ட்ரானிக் பேனா வாங்கித் தந்தால்தான் கலை வரும் என்று நம்பும் பெற்றோர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

கிம் சாங்-யுல் என்றொரு கொரிய ஓவியர் இருந்தார் (1929–2021). 1970களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு, துணியின் மேல் நீர்த்துளிகளையே வரைந்தார். அவர் கையில் இருந்தது கம்ப்யூட்டர் அல்ல. கருவி வேறாக இருந்தாலும் துளி கேட்கும் கவனம் ஒன்றே.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு தட்டு தட்டினால் துளியை அச்சுக் குத்துவது போலப் பதிக்கும் ரெடிமேட் பிரஷ்கள் உண்டு. எழுத்தில் கேட்டால் முழுப் படத்தையே போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. வீட்டிலிருந்து முடித்துக் கொண்டுவரும் படத்தில் யார் உழைப்பு என்று நடுவர் எப்படிக் காண்பார்? (காகிதப் படங்களிலும் அப்பாக்களின் கைவண்ணத்தை நாம் கண்டதுண்டு, அது வேறு கதை.) அதற்காகப் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது சரியல்ல. அரங்கிலேயே உட்கார்ந்து வரையட்டும்.

என் யோசனை இதுதான். மும்பை மழைக்காலத்தில் அளுவடிக்காக நாம் வாங்கும் சேம்பிலையை மேஜைமேல் வைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விடுவோம். சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாது. அடியில் காற்றுப் படலம் இருப்பதால் துளி வெள்ளி முத்துப் போல நிற்கும். பக்கத்திலேயே தண்ணீர் ஒட்டும் செம்பருத்தி இலை ஒன்றும் இருக்கட்டும், அதில் துளி தட்டையாகப் படியும். தாளோ கம்ப்யூட்டரோ, பிள்ளைக்கு விருப்பமானதில் வரையட்டும். நடுவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: “வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கண்ணா?” விரலை நீட்டிக் காட்டிவிட்டுத் தன் துளியையும் அதற்கேற்ப வரைந்திருக்கும் பிள்ளைக்கே பரிசு. சேம்பிலை வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது.