மண்டபத்துச் சாவி

கொடுத்த முன்பணம் மறுநாளே திரும்பி வந்தது. திருப்பித் தந்தவர் நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நானாச்சும் பரவால்லீங்க, உங்க சங்கதி எனக்குப் புரியுது. ஆனா நம்ம ஊரு ஒத்துக்காதுங்களே."

நாங்கள் கேட்டது பல்லடத்தில் ஒரு சின்னக் கூடம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மூன்று மணி நேரம். தமிழில் இரண்டு குறும்படங்கள், அதற்குப் பின் அரை மணி நாடகம். படங்களில் ஒன்று, ஒரு திருநம்பி தன் அப்பாவின் சாவுக்கு ஊர் திரும்புவதைப் பற்றியது. மற்றொன்று, ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைப் பற்றியது. இரண்டிலும் முகம் சுளிக்க ஒரு காட்சி கிடையாது. மண்டபக்காரர் அதைக் கேட்கவும் இல்லை. முதலில் நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று சொல்லவும் இல்லை. ஊர் ஒத்துக்கொள்ளாது என்பது மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

இதே வார்த்தையை ஒரு பள்ளித் தாளாளர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தனக்கு ஆட்சேபணை இல்லையாம், பெற்றோர்கள் விடமாட்டார்களாம். பெற்றோர் சிலரிடம் போய்ப் பேசினால் தங்களுக்கு ஒன்றுமில்லை, சொந்தபந்தம் என்ன பேசும் என்கிறார்கள். சொந்தபந்தம் அக்கம்பக்கத்தைக் கைகாட்டுகிறது. கை நீளும் திசையிலெல்லாம் போய்ப் பார்த்துவிட்டேன். "நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று தன் பெயரில் சொன்னவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவர்களோடு மோதலாம், வாதாடலாம், சில நேரம் அவர்கள் மனம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். ஊரின் பெயரால் பேசுகிறவர்களோடுதான் பேச வழியே இல்லை.

திருநங்கை, திருநம்பி, தன்பாலினத்தவர் போன்ற பால்புதுமையரின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் நாடகமும் சென்னைக்கும் பெங்களூருக்கும் உரிய சரக்கு, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது, கொங்கு மண்ணில் அதற்கு வேரும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. படித்தவரும் படிக்காதவரும் இப்படித்தான் நம்புகிறார்கள். இது பொய். ஆட்களை ஊரை விட்டே துரத்துகிற பொய் என்பதால் இதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை.

வேரிலிருந்தே தொடங்குவோம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயர் பேடு. ஆண்மை திரிந்த பெண்மைக் கோலமான பேடி உருவத்தைக் காமன் கொண்டு ஆடிய கூத்து அது. அந்த ஆடல்களைப் பற்றி நமக்கு இன்று ஏதாவது விளங்குகிறதென்றால் அதற்குப் பெரிதும் காரணம் அடியார்க்குநல்லார் எழுதிய உரை. அவர் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர். பேடிக் கூத்து இன்னதென்று தமிழுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் நம் ஊர்க்காரர். அதற்காக அவர் நாக்கு கூசியதாகத் தெரியவில்லை.

அவ்வளவு பின்னால் போக விருப்பமில்லாதவர்கள் கோவை சிங்காநல்லூர் வரைக்கும் போகலாம். அங்கே திருநங்கைகள் வழிபடும் அரவானுக்குக் கோயில் இருக்கிறது, நோம்பித் திருவிழாவும் நடக்கிறது. நம் ஊர்களில் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு நோம்பி சாட்டினால் ஆண்பிள்ளைகள் பெண்வேடம் கட்டி ஆடுவதை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சேலம், நாமக்கல் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடியத் திரௌபதியாக நின்று அழுகிறவர் ஓர் ஆண். முன்வரிசையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆத்தாக்கள் அவரோடு சேர்ந்து அழுகிறார்கள்.

"வேசம் கட்டறது வேற, அப்படியே வாழறது வேற" என்று உடனே மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. எங்கள் நாடகத்துக்கான விதையே அதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

திருநங்கை எழுத்தாளர் ரேவதி நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 'உணர்வும் உருவமும்' என்று தன் போன்றவர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்தவர், 'வெள்ளை மொழி' என்று தன் வரலாற்றை எழுதியவர். சின்ன வயதில் ஊர் மாரியம்மன் விழாவில் குறத்தி வேடம் கட்டியதை அவர் எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஊர் பார்த்து மகிழ்ந்தது. அந்த நடையும் பேச்சும் வேடம் கலைத்த பிறகும் போகவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் விழுந்த அடியையும் எழுதியிருக்கிறார். ஒரே உடம்பு, ஒரே ஊர். ராத்திரி கைதட்டல், விடிந்தால் அடி. இடையில் என்ன நடந்தது? இதைக் கேட்கத்தான் அவர் பிறகு மேடை ஏறினார். அ. மங்கையின் நெறியாள்கையில் தன் வாழ்க்கையையே தனி ஒருவராக நடித்துக் காட்டினார். கொங்குத் தமிழ் பேசி வளர்ந்த ஒருவர், கொங்கு வீட்டு வாசலில் தனக்கு நடந்ததை நடித்துக் காட்டுகிறார். இதையா பட்டணத்துச் சரக்கு என்கிறோம்?

பொள்ளாச்சி நம் பக்கத்து ஊர். காமநாயக்கன்பாளையம் வழியாகப் பஸ் ஏறினால் போய்விடலாம். கல்கி சுப்ரமணியம் அந்த ஊர்ப் பிள்ளை. சகோதரி அமைப்பைத் தொடங்கி, திருநங்கைகளின் கையில் தூரிகையையும் காமிராவையும் கொடுத்தார். ஓவியம், குறும்படம், நாடகம், கவிதை என்று லாப நோக்கமில்லாத ஒரு கலை அமைப்பு எதையெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் செய்து பார்த்தார். 2011-ல் வந்த 'நர்த்தகி' படத்தில் திருநங்கைப் பாத்திரத்தை ஒரு திருநங்கையே நடிக்கட்டும் என்று அவரை நாயகியாக்கினார்கள். 2014 சுதந்திர தினத்தன்று கோவையிலிருந்து ஒளிபரப்பான லோட்டஸ் தொலைக்காட்சியில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். நாடே அதைப் பற்றிப் பேசியது. கொங்கு வீடுகளில் செய்தி பார்த்தவர்கள் யாரும் பெட்டியை உடைத்துவிடவில்லை. அதே 2014-ல் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் மூவரும் பன்மை என்ற திருநர் நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். வித்யா திருச்சியில் வளர்ந்தவர். சென்னை மேடையில் இவரைப் பார்த்துவிட்டுச் சென்னைக்காரர் என்று முடிவு கட்டுகிறோம்.

அப்படியானால் ஏன் இந்தப் பூட்டு? என் முடிவைச் சொல்கிறேன். நம் ஊரில் கல்யாணம் இரண்டு பேர் சங்கதி அல்ல. காடு, தோட்டம், பவுன், குலக் கூட்டம், சாதி எல்லாம் கைமாறும் இடம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சங்கர் என்ற இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்து வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டதுதான் அவர் செய்த 'குற்றம்'. அது நம் மாவட்டம். ஆணும் பெண்ணும் சாதி மாறிக் கட்டிக்கொண்டதையே தாங்க முடியாத ஓர் ஏற்பாடு, நீங்கள் காட்டுகிற வரனை நான் கட்டமாட்டேன், இந்த ஆட்டத்துக்கே நான் வரவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் எப்படித் தாங்கும்? வேடம் ஒரு ராத்திரியில் கலைந்துவிடும், சொத்துக்கும் சாதிக்கும் அதனால் சேதமில்லை. வாழ்ந்தால் சேதம். "வெளிநாட்டுச் சரக்கு" என்ற பேச்சு இந்த அச்சத்தை மூடி வைக்கும் துணி. துணியை விலக்கி, எங்கள் சொத்தும் சாதியும் குலையும் என்று பயப்படுகிறோம் என்று சொல்லட்டும். அப்போது நேர்மையான வாதம் ஒன்று தொடங்கும்.

எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்தது தெரியுமல்லவா என்று என்னை எச்சரிப்பவர்கள் உண்டு. தெரியும். நன்றாக யோசித்தும் பார்த்திருக்கிறேன். அவருடைய 'மாதொருபாகன்' நாவல் 2010-ல் வெளிவந்தது. நான்கு வருடம் கடைகளில் கிடைத்தது, நூலகங்களில் இருந்தது, வாசித்தவர்கள் வாசித்தார்கள். ஊர் கொந்தளிக்கவில்லை. 2014 டிசம்பரில்தான் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது, கடையடைப்பு வரைக்கும் போனது. நான்கு வருடம் சும்மா இருந்த ஊருக்குத் திடீரென்று மனம் புண்பட்டது எப்படி? யாரோ போய், உனக்கு மனம் புண்பட்டுவிட்டது என்று சொன்னதால். சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கையில் கொடுத்ததால். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. ஊர் தானாகப் பொங்காது, பொங்க வைக்க ஆள் வேண்டும் என்பதுதான் திருச்செங்கோடு எனக்குக் கற்றுத் தந்தது.

இன்னொன்று. பால்புதுமையரைத் திரையில் நம் ஊர் பார்த்ததே இல்லையா? எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்! நகைச்சுவைக் காட்சியில் இடுப்பை வளைத்துக்கொண்டு வருவார்கள், கதாநாயகன் அருவருப்போடு தள்ளிவிடுவான், அரங்கு சிரிக்கும். 2015-ல் வந்த 'ஐ' படத்தில் ஒரு திருநங்கைப் பாத்திரத்தை இழிவுபடுத்தியதற்குத் திருநங்கைகள் வீதியில் இறங்கிக் கண்டித்தார்கள். அந்தப் படம் நம் பக்கத்திலும்தான் ஓடியது. பண்பாடு கெடும் என்று யாரும் வாசலில் நிற்கவில்லை. அவமானப்படுத்திக் காட்டினால் ஊர் தாங்கும், மனிதராகக் காட்டினால் தாங்காது என்று எந்த நியாயத்தில் தீர்மானிக்கிறார்கள்? சாதிப் பற்று, சொத்து ஆசை எதற்கும் வளைந்து கொடுத்துப் பேசத் தெரிந்த எனக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் கோபம் அடங்குவதில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில், பக்கத்து நாற்காலியில், பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்து, தானும் சேர்ந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மறுப்பு எங்கள் பக்கத்திலிருந்தும் வருகிறது. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. வீதி நாடகம் போட்டு வளர்ந்த தோழர்கள் கேட்கிறார்கள்: "தறிக்காரருக்குக் கூலி இல்ல, நூல் விலை ஏறிக் கெடக்குது, இப்பப் போயி இதுவா தோழர்?" 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அப்போது நானும் கூட்டங்களில் இருந்தேன். பால்புதுமையர் என்று தனியாக ஒரு வகுப்பு வானத்திலிருந்து இறங்கவில்லை, தோழர். தறியிலும் பனியன் கம்பெனியிலும் கோழிப்பண்ணையிலும் அவர்கள் கூலிக்கு நிற்கிறார்கள். தெரிந்துவிட்டால் வேலை போகிறது, வாடகை வீடு போகிறது, மேஸ்திரியின் கை நீளுகிறது. இது கூலிப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது? 1990-களில் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போனபோது, பெண்கள் படிப்பதற்கு ஊர் தயாராகட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. பாடினோம், ஆடினோம், திட்டு வாங்கினோம், மறுநாளும் போனோம்.

கலையில் எது மரபு என்பதும் கல்லில் வெட்டியதல்ல. நம் வள்ளி ஒயில் கும்மி ஆண்களின் ஆட்டமாகத்தான் இருந்தது. கோவையைச் சேர்ந்த பத்திரப்பன் அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று கும்மி என்றாலே பெண்பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

எங்கள் தரப்புக் குறையையும் சொல்ல வேண்டும். சென்னையில் 2013 முதல் பால்புதுமையர் திரைப்பட விழா நடக்கிறது. அருமையான முயற்சி, போய்ப் பார்த்துக் கண்கலங்கித் திரும்பியிருக்கிறேன். ஆனால் வெளிநாட்டுப் படத்துக்கு ஆங்கில எழுத்து மட்டும் ஓடினால் திருப்பூர் டெய்லர் எப்படிப் பார்ப்பார்? தமிழ் எழுத்துப் போடுங்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அங்கேயே வைத்துக்கொண்டிருக்கும் வரை மண்டபக்காரரின் நம்பிக்கைக்கு நாமும் ஒரு சாட்சி சொல்கிறோம்.

சட்டம் எப்போதோ முன்னால் போய்விட்டது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் நச்சுப் பல்லைப் பிடுங்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நின்றார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதன் பிறகே ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அரை மணி நாடகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நம் ஊரில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

முன்பணம் திரும்பி வந்த பிறகு, தறி நிறுத்திவைத்திருந்த ஒரு குடோனை அதன் உரிமையாளர் எங்களுக்குத் திறந்துவிட்டார். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். பக்கத்துக் குடோனில் தறிச் சத்தம் நிற்காததால் வசனம் பாதி கேட்கவில்லை. திருநம்பியின் படம் பாதி ஓடும்போதே நாலைந்து பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள்.

படம் முடிந்ததும் சண்டை வந்தது. நாங்கள் எதிர்பார்த்த சண்டை அல்ல. அப்பனுக்குக் கொள்ளி வைக்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டா இல்லையா என்பதுதான் பேச்சு. "பொண்ணாப் பொறந்தது எப்படீங்க கொள்ளி வெக்கும்?" என்றார் ஒரு பெரியவர். "பையனா வந்து நிக்குதுல்ல, பங்காளி வெக்கிறதுக்கு பெத்த புள்ள வெச்சா என்ன?" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா. சாமியாடிக் குடும்பத்துக்காரர் ஒருவர் சாத்திரம் பேசினார். கல்லூரிப் பெண் ஒருத்தி, தன் சித்திக்குத் தானே கொள்ளி வைத்ததைச் சொன்னாள். குடோன்காரர் பதினொன்றரைக்கு விளக்கை அணைத்த பிறகும் வாசலில் நின்று அந்தக் கொள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.